முத்துப்பழனியைத் தமிழ் எழுத்தில் போடுங்கள்

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு, எழுத்து தமிழ். சேலத்தில் இப்படி எத்தனையோ குடும்பங்கள். அதனால் முத்துப்பழனி என்ற பெண் எழுதிய தெலுங்குக் காவியம் 'ராதிகா சாந்த்வனமு' கைக்கு வந்தபோது என்னால் ஓர் எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. பெஜவாடாவுக்கு (இன்றைய விஜயவாடா) லாரி ஓட்டிய காலத்தில் ஊர்ப் பலகைகளைப் பார்த்தே தெலுங்கு எழுத்தைக் கற்றுக்கொண்ட மாமாதான் திண்ணையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டி வாசித்தார். அவருக்குப் பொருள் பிடிபடவில்லை. பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அவ்வாவுக்கு (பாட்டிக்கு) வரிக்கு ஒரு சொல் பிடிபட்டது. ஒரு இடத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இதை ஒரு பொம்பளையா எழுதுனா?" என்றார்.

ஆமாம் அவ்வா, பொம்பளைதான். 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் இருந்த தேவதாசி. 584 பாட்டு. தான் வளர்த்த இளாவைக் கிருஷ்ணனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு, பிறகு அவன் பிரிவைத் தாங்க முடியாமல் துடிக்கிறாள் ராதை. அவன்தான் வந்து சமாதானம் செய்ய வேண்டியிருக்கிறது.

1911இல் ஆங்கிலேய அரசு இதை ஆபாசம் என்று தடை செய்தது, 1947இல்தான் தடை நீங்கியது. இதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட வலிப்பது 1887இல் வந்த அச்சுப் பதிப்பு. சில பாட்டுகளோடு அவளுடைய முன்னுரையையும் அதில் எடுத்துவிட்டார்கள். தன் கவிதை வழி பாட்டி தஞ்சநாயகியிடமிருந்தும் அத்தையிடமிருந்தும் வந்தது என்று அவள் பெருமையாகச் சொன்ன இடம் அது. பாட்டு ஆபாசம் என்றார்கள், சரி. பாட்டியின் பெயரில் என்ன ஆபாசம்?

அதையெல்லாம் தேடிச் சேர்த்து 1910இல் முழுசாகப் பதிப்பித்தவர் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய அதே அம்மாள். தியாகராஜரின் தெலுங்குக் கீர்த்தனைகள் நமக்குத் தமிழ் எழுத்தில் எத்தனை பதிப்பாகக் கிடைக்கின்றன! தஞ்சையிலேயே எழுதிய முத்துப்பழனியையும் அப்படிப் போடலாமே. மேலே மூலம், கீழே பொருள். முன்னுரையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

அதுவரை மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிக்கிறார், நான் கீர்த்தனைப் புத்தகத்தில் இருப்பதுபோல தமிழில் தனி எழுத்தில்லாத ஒலிகளுக்கு க, த, ப மேலே 2, 3, 4 போட்டு நோட்டில் எழுதுகிறேன். 40 பாட்டு வந்திருக்கிறது. வாசிப்பு தொடங்கும் முன் அவ்வா தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறார். அவருக்குத் தெலுங்கும் படிக்கத் தெரியாது, தமிழும் தெரியாது.