மெட்கர் எவர்ஸும் அவர் சேர்த்த சாட்சியங்களும்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் என்றதும் நம் ஆட்கள் மார்ட்டின் லூதர் கிங், மால்கம் எக்ஸ் படங்களைப் பகிர்வார்கள். அந்த இருவருக்கும் முன்பே சுட்டுக் கொல்லப்பட்ட மெட்கர் எவர்ஸ் பெயர் அநேகமாக வருவதே இல்லை. எடுத்துப் போட வசதியாக ஒரு பிரபலமான மேடைப் பேச்சு அவரிடம் இல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவர் செய்ததில் பெரும்பகுதி அலைச்சலும் எழுத்து வேலையும்.

1925-ல் மிசிசிப்பியில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் பிரான்சில் பணியாற்றிவிட்டு வந்து, 1946-ல் ஓட்டுப் போடப் போனார். துப்பாக்கியோடு நின்ற வெள்ளையர் கும்பல் திருப்பி அனுப்பியது. சண்டைக்கு ஆள் வேண்டும், ஓட்டுக்கு வேண்டாம்! அப்புறம் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டாகக் கறுப்பினக் கூலிக்காரர்களின் வீடுகளுக்கு அலைந்தார். கறுப்பினத்தவரைக் கழிப்பறைக்குள் விடாத பங்க்கில் பெட்ரோல் போடாதே என்ற இயக்கத்தில் சேர்ந்தார். 1954-ல் கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் களச் செயலாளர் ஆனார்.

கொலை, அடி, மிரட்டல் எது நடந்தாலும் நேரில் போய் விசாரித்துப் பதிவு செய்வதுதான் அந்த வேலை. 1955-ல் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில் கொல்லப்பட்டபோது, பருத்தி எடுக்கும் கூலியாள் போல உடுத்திக்கொண்டு தோட்டந்தோட்டமாகச் சாட்சி தேடினார். கொலைகாரர்கள் விடுதலையானார்கள். அடுத்த வருடமே ஒரு பத்திரிகையிடம் காசு வாங்கிக்கொண்டு கொன்றதை ஒப்புக்கொண்டார்கள். வெள்ளையர் மட்டுமே உட்கார்ந்த ஜூரி (குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு) என்ன சொல்லும் என்று எவர்ஸுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தேதான் தேடினார். எனக்கு அவரிடம் பிடித்ததே இந்தப் பிடிவாதம்தான்.

1963 ஜூன் 12, நள்ளிரவு தாண்டிய நேரம். ஜாக்சன் நகரில் தன் வீட்டு முன்னால் காரை விட்டு இறங்கியவரை முதுகில் சுட்டான் பைரன் டி லா பெக்வித் என்ற வெள்ளை இனவெறியன். எவர்ஸுக்கு வயது 37. துப்பாக்கியில் கொலையாளியின் விரல்ரேகை கிடைத்தது. இருந்தும் 1964-ல் நடந்த இரண்டு விசாரணைகளிலும், வெள்ளை ஆண்கள் மட்டுமே இருந்த ஜூரிகளால் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லையாம்; தண்டனை இல்லாமல் போனது. அப்போதுதான் பதவிக்காலம் முடிந்திருந்த மிசிசிப்பி முன்னாள் ஆளுநர் ராஸ் பார்னெட் நீதிமன்றத்துக்கே வந்து பெக்வித்தின் கையைக் குலுக்கினார்.

1989-ல் ஒரு செய்தி வெளியானது: ஜூரிகளைத் தேர்ந்தெடுக்க, மாநில அரசின் உளவு அமைப்பே கொலையாளியின் தரப்புக்கு உதவியிருந்தது. வழக்கைத் திரும்ப எடுக்கலாம் என்றால் பழைய விசாரணையின் பதிவேடு நீதிமன்றத்தில் காணோம். எவர்ஸின் மனைவி மைர்லி ஒரு பிரதியை அத்தனை வருடமும் பத்திரமாக வைத்திருந்தார். அதை எடுத்துக் கொடுத்தார். 1994-ல் பெக்வித்துக்கு ஆயுள் தண்டனை.

இப்போது ஜாக்சன் விமான நிலையத்துக்கு எவர்ஸ் பெயர், கடற்படைக் கப்பலுக்கும் அவர் பெயர், 2024-ல் அதிபரின் சுதந்திரப் பதக்கம். சரி, நல்லதுதான். ஆனால் பெயர் வைப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. எவர்ஸ் கேட்டது ஓட்டு. 1964-ல் மிசிசிப்பியில் தகுதியுள்ள கறுப்பினத்தவரில் நூற்றுக்கு ஏழு பேர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. 1965 வாக்குரிமைச் சட்டம் வந்து இரண்டே வருடத்தில் அது பாதிக்கு மேல் ஏறியது. தேர்தல் விதியை மாற்றுவதென்றால் மத்திய அரசிடம் முன்அனுமதி வாங்கு என்று மிசிசிப்பி போன்ற மாநிலங்களை அந்தச் சட்டம் கட்டிப்போட்டிருந்தது.

2013 ஜனவரியில் ஒபாமாவின் பதவியேற்பு மேடையில் பிரார்த்தனை சொன்னவர் மைர்லி. உலகமே பார்த்துக் கண் கலங்கியது. அதே வருடம் ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்த முன்அனுமதிக் கட்டுப்பாட்டைச் செயலிழக்க வைத்தது. அடுத்த வருடமே மிசிசிப்பி, புகைப்பட அடையாள அட்டை இல்லாமல் ஓட்டு இல்லை என்ற விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது.