பெங்களூரில் கேன் தண்ணீர் குடிக்கிறவர்கள் கவனத்துக்கு

கோடை வந்தால் பெங்களூர்த் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் தவறாமல் வரும் கேள்வி: "எந்தக் கம்பெனி கேன் நல்லா இருக்கு?" அதைக் கேட்பதற்கு முன், வீட்டுக் குழாயில் வருவது என்ன தண்ணீர் என்று பாருங்கள். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம் பக்கம் நேரடிக் காவிரி இணைப்பு உள்ள வீடு என்றால், குடிக்கக் கேன் வாங்குவது தண்டச் செலவு என்பேன். ஒயிட்ஃபீல்டு, ஹொரமாவு பக்கம் போரையும் (ஆழ்துளைக் கிணறு) டேங்கர் லாரியையும் நம்பி இருப்பவர்கள் கணக்கு வேறு.

காவிரித் தண்ணீர் தொரேகாடனஹள்ளியில் சுத்திகரிக்கப்பட்டு, குளோரின் சேர்ந்து, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் மேடேறி வருகிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டம், நாளுக்கு 77.5 கோடி லிட்டர், நகரத்தோடு சேர்ந்த 110 கிராமங்களுக்கானது. உப்பு குறைந்த நல்ல தண்ணீர். அது கெடுவது நம் சம்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில். காவிரி, போர், டேங்கர் மூன்றையும் ஒரே சம்பில் கொட்டுகிற அபார்ட்மெண்ட்டில், கொஞ்சநஞ்சம் இருந்த குளோரினும் அங்கேயே தீர்ந்துபோகும். தனி வீடு என்றால் பிளம்பரிடம் சொல்லி, மீட்டருக்குப் பின்னால், சம்புக்கு முன்னால் ஒரு 'டீ' போட்டுத் தனிக் குழாய் வையுங்கள். அதில் பிடித்து, தளதளவென்று கொதி வந்ததும் ஒரு நிமிடம் விட்டு இறக்கினால் போதும். நம் ஊர் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். கிருமி சாக அந்தச் சூடு தாராளம்.

போர் தண்ணீருக்கு இந்த வைத்தியம் செல்லாது. உப்பு, நைட்ரேட், ஃபுளோரைடு எதுவும் கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும். குடிநீருக்கான இந்தியத் தரம் (ஐ.எஸ். 10500) டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்பின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை விடுகிறது. நைட்ரேட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது, லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான். கழிவுநீர் கசியும் இடத்துப் போர்களில் அது ஏறும். இங்கேதான் ஆர்.ஓ. தேவை, அதாவது மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வால் உப்பை வடிகட்டும் கருவி. அதிலும் ஒரு சிக்கல் உண்டு: ருசிக்காக 'டி.டி.எஸ். கண்ட்ரோலர்' திருகைத் திறந்துவைத்தால், ஆர்.ஓ. மெம்பிரேன் வழியாகப் போகாத தண்ணீர் பைபாஸில் வந்து கலக்கும். கூடவே நைட்ரேட்டும் வரும்.

டி.டி.எஸ். மீட்டரை வைத்துக்கொண்டு கிருமி இல்லை என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம். அது கரைந்த உப்பை மட்டும்தான் காட்டும். சாக்கடை கலந்த தண்ணீர்கூட 200 காட்டலாம். ஆர்.ஓ. விற்க வருபவரின் இன்னொரு வித்தை, இரண்டு கம்பிகளைத் தம்ளரில் விட்டுக் கரண்ட் கொடுப்பது. குழாய்த் தண்ணீர் செம்பழுப்பாகும், ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே இருக்கும். அந்தப் பழுப்பு கம்பியின் இரும்பு கரைந்து வருவது. அவருடைய ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். கிருமி பார்க்க 'ஹெச்.டூ.எஸ்.' சோதனைக் குப்பி இருக்கிறது. தண்ணீர் ஊற்றி வைத்து, 24 முதல் 48 மணி நேரத்தில் கறுத்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.

இனி கேன். பிளாண்டில் நடப்பது பெரும்பாலும் போர் தண்ணீரை மணல், கார்பன், ஆர்.ஓ. வழியாக விட்டு, யு.வி. அல்லது ஓசோன் காட்டி நிரப்புவது. வேறோர் இடத்து ஆர்.ஓ. தண்ணீரைக் கேன்காரர் தூக்கிவந்து தருகிறார், அவ்வளவுதான். பி.ஜி.யில் இருப்பவர்கள், சுவரில் ஆணி அடிக்கவிடாத ஹவுஸ் ஓனரிடம் மாட்டியவர்கள், 2024 மார்ச் மாதிரித் தட்டுப்பாட்டில் தவித்தவர்கள் எல்லோருக்கும் அது உபயோகம்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

என் புகார் கேனின் மேல். கேனில் அச்சிட்ட முக்கோணத்துக்குள் 7 என்று இருந்தால் பெரும்பாலும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக், 1 என்றால் பெட் (PET) பிளாஸ்டிக். பாலிகார்பனேட் கேன் திரும்பத் திரும்ப நிரப்பப்படும். உள்ளே கீறல் விழ விழ, அந்தக் கீறலில் கிருமிப் படலம் ஒட்டும், கழுவினாலும் எளிதில் போகாது. பழசாகி வெயிலில் காய்ந்தால் அந்தப் பிளாஸ்டிக்கில் உள்ள பிஸ்பீனால் ஏ என்ற ரசாயனம் தண்ணீரில் கசிவதும் கூடும். ஆகவே, காலிக் கேனை டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாக, கீறலாக, அடியில் பச்சையாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள். கடை வாசலில் வெயிலில் அடுக்கிய கேன் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் வேண்டாம்.

மூடியில் சீல், பேட்ச் எண், நிரப்பிய தேதி, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இருக்க வேண்டும். கர்நாடக மாநில உரிமம் 112 என்றும், மத்திய உரிமம் 100 என்றும் தொடங்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை (ஐ.எஸ். 14543) இருந்தால் அதன் கீழுள்ள சி.எம்/எல் என்ற உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். 2024 அக்டோபரில் அந்த முத்திரை கட்டாயம் என்ற விதியை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நீக்கிவிட்டது. நவம்பரில் இந்தத் தண்ணீரை அதிக அபாய உணவுப் பட்டியலில் சேர்த்தது. முத்திரை உள்ள கேனையே கேட்டு வாங்குவது நல்லது.

டிஸ்பென்சரை யாரும் கழுவுவதில்லை, அதுதான் வேதனை. கேனைக் கவிழ்க்கும் முன் கழுத்தைத் துடையுங்கள், வண்டித் தூசி நேராகத் தொட்டிக்குள் போகிறது. மாதம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்னாலுள்ள வடிகால் மூடியைத் திறந்து காலி செய்யுங்கள். 5 லிட்டர் தண்ணீரில் வாசனை சேர்க்காத 5 சதவீத ஹைப்போகுளோரைட் பிளீச் 5 மில்லி கலந்து ஊற்றி, எல்லாக் குழாயிலும் கொஞ்சம் விட்டு, 15 நிமிடம் கழித்து வடித்து, நாற்றம் போகும்வரை அலசுங்கள். குழாய் வாஷருக்குள் விரலை விட்டுப் பாருங்கள், வழவழப்பு அங்கேதான் இருக்கும். சூட்டுத் தொட்டியில் உப்புப் படிந்திருந்தால் வினிகர் தனியாக, வேறொரு நாள். பிளீச்சோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

ஒரு லிட்டர் பாட்டில் பயணத்துக்கு மட்டும். 2024-இல் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் மூன்று கம்பெனிப் பாட்டில்களில் சராசரியாக லிட்டருக்கு 2,40,000 பிளாஸ்டிக் துகள்களை எண்ணினார்கள், பெரும்பாலும் நானோ அளவு. அதனால் உடம்புக்கு என்ன ஆகும் என்பது இன்னும் தீராத விவாதம், பீதி வேண்டாம். ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்த பாட்டிலைக் குடிக்காதீர்கள். வாய் வைத்துக் குடித்த மிச்சத்தை மறுநாளுக்கு எடுத்துவைக்காதீர்கள். ரயிலில் ரயில்வேயின் சொந்தத் தண்ணீர் பாட்டிலான 'ரயில் நீர்' ஒரு லிட்டர் 2025 செப்டம்பர் 22 முதல் 14 ரூபாய், 20 கேட்டால் கொடுக்காதீர்கள்.