வாக்கிடாக்கி ஆங்கிலம்

போலீசாருக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு என்று எங்காவது செய்தி வந்தால் போதும், கிண்டல் பதிவுகள் கிளம்பிவிடும். அவர்களை விடுங்கள். எனக்கு உறுத்துவது அங்கே நடக்கும் பாடம்தான். ஆக்டிவ் வாய்ஸ், பேசிவ் வாய்ஸ், "உன்னைப் பற்றி ஐந்து நிமிடம் பேசு". ராத்திரி ரோந்து போகிறவருக்கு இதுவா வேண்டும்?

நம் போலீசாரில் சிலர் ஐநா அமைதிப் பணிக்கு வெளிநாடும் போகிறார்கள். படைப்பிரிவோடு சேராமல் தனி அலுவலராகப் போகும் காவலருக்கு வாசித்தல், கேட்டல், அறிக்கை எழுதுதல், நேர்காணல் என்று மொழித்தேர்வு உண்டு. வண்டி ஓட்டுவதும் சுடுவதும் தனி. வாசிப்பில் நம்மவர்கள் சமாளித்துவிடுவார்கள். காதுதான் பிரச்சினை. ஐநா அமைதிப் பணி நடக்கும் ஆப்பிரிக்க நாடான தெற்கு சூடானில் வயர்லெஸ்ஸில் பேசுபவர் கானாக்காரராக இருப்பார், நேபாளியாக இருப்பார், ருவாண்டாக்காரராக இருப்பார். ஆளுக்கொரு உச்சரிப்பு, நடுவில் கரகர சத்தம். 'ஃபிஃப்டீன்' என்றாரா, 'ஃபிஃப்டி' என்றாரா? அதனால்தான் வயர்லெஸ்ஸில் 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஸீரோ' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்கிறார்கள். ஒன்பதுகூட 'நைனர்' ஆகிவிடும். இலக்கண சுத்தமாகப் பேசத் தெரிந்தும் இது பிடிபடாவிட்டால் என்ன பயன்?

இதை முன்பே யோசித்துச் செய்தவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைக்கும் கால்வாய்ச் சுரங்கம் 1994-ல் திறப்பதற்கு முன்பே, கேம்பிரிட்ஜின் எட்வர்ட் ஜான்சன் குழு போலீசாரின் வயர்லெஸ் பேச்சை ஆராய்ந்து, குழப்பத்துக்கு இடம்தராத கட்டுப்பாடான ஆங்கிலம் ஒன்றை உருவாக்கியது. அதன் பெயர் 'போலீஸ்ஸ்பீக்'. நேட்டோ ராணுவக் கூட்டணியிலோ மொழித்திறனை அளக்க ஸ்டானாக் 6001 என்ற அளவுகோல். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்குக்கும் தனித்தனி நிலை. ஒருவரின் ஆங்கிலம் 3332 என்பதுபோல நான்கு இலக்கமாகப் பதிவாகும். எந்த வேலைக்கு எதில் எவ்வளவு என்று பார்த்து ஆள் போடலாம். 'இங்கிலீஷ் தெரியும், தெரியாது' என்ற நம்மூர்ப் பேச்சுக்கே அங்கே வேலையில்லை.

இவ்வளவு படித்துப் போனாலும், சண்டைக்குத் தப்பி வந்து முகாமில் இருக்கும் மக்களிடம் அந்த ஆங்கிலம் அவ்வளவாக எடுபடாது. தெற்கு சூடானின் ஆட்சிமொழி ஆங்கிலம்தான். ஆனால் தண்ணீர் வரிசையில் நிற்கும் அம்மா பேசுவது நுயர், டிங்கா அல்லது ஜூபா அரபு. மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நடக்காது. சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசி நிறுத்துவது, மொழிபெயர்ப்பாளரை விட்டுவிட்டு அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கேட்பது, இதற்கெல்லாம் பாடவேளை ஒதுக்குங்கள். 2013 டிசம்பரில் தலைநகர் ஜூபாவில் சண்டை வெடித்து, அது டிங்கா, நுயர் இனங்களுக்கு இடையிலான மோதலாக மாறியபோது ஐநா முகாம்களுக்குள் அடைக்கலம் தேடியவர்களில் பெரும்பாலோர் நுயர் மக்கள். அவர்கள் முன்னால் டிங்கா மொழிபெயர்ப்பாளரைக் கொண்டுபோய் நிறுத்தினால், எவ்வளவு நல்ல ஆங்கிலத்தில் கேட்டாலும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.