யோனா என்றால் மீன் மட்டும்தானா?

மீன் விழுங்கிய தீர்க்கதரிசி யோனாவின் பெயரைச் சொன்னதும் மீன்தான் நினைவுக்கு வரும். ஞாயிறு பள்ளியில் வரைந்த படம், பாடிய பாட்டு எல்லாமே மீன்தான். வேதாகமத்தில் யோனாவின் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். 4 அதிகாரம், 48 வசனம். அதில் மீன் தலைகாட்டுவது 3 வசனத்தில். யோனாவைக் கரையில் கக்கிவிட்டு அது போய்விடுகிறது. அதற்கப்புறம்தான் கதையே சூடு பிடிக்கிறது.

எங்கள் சபையின் வேதபாடக் குழுவில் சிறுவயதுக் கதைகளை மறுபடி வாசித்துக்கொண்டிருக்கிறோம். எல்லாரும் பேரப்பிள்ளைகளுக்கே கதை சொல்கிற வயது. ஆனாலும் யோனா 4-ம் அதிகாரம் பாதிப் பேருக்குப் புதிதாக இருந்தது.

நினிவே நகரத்துக்குப் போய்ப் பிரசங்கி என்று கர்த்தர் சொன்னபோது, யோனா தர்ஷீஸ் என்ற வேறு ஊருக்குக் கப்பலேறி ஓடியவன். மீனுக்குப் பிறகுதான் நினிவேக்குப் போகிறான். நினிவே மனந்திரும்புகிறது. கர்த்தர் தண்டனையை நிறுத்துகிறார். பிரசங்கித்தவனுக்குச் சந்தோஷம் வர வேண்டும், யோனாவுக்கோ கடுங்கோபம். நீர் இரக்கமுள்ளவர் என்று தெரிந்துதானே முதலிலேயே தர்ஷீசுக்கு ஓடினேன் என்று சண்டை போடுகிறான். பயந்து ஓடியவன் என்றுதான் நமக்குச் சொல்லித்தந்தார்கள். இவர்களை மன்னித்துவிடுவாரே என்பதுதான் அவன் பிரச்சினை! நினிவே அசீரியரின் பெருநகரம். அந்த அசீரியர்தான் கி.மு. 722-ல் வட இஸ்ரவேல் ராஜ்யத்தை அழித்தவர்கள். அது தெரிந்து வாசித்தால் யோனாவைத் திட்ட வாய் வராது. நம்மை நாசம் செய்தவர் நன்றாக இருக்கிறார் என்று கேட்டுப் பொருமியவர்களுக்கு இந்த அதிகாரம் நன்றாகவே புரியும்.

புத்தகம் ஒரு கேள்வியோடு நின்றுவிடுகிறது. ஒரு இலட்சத்து இருபதினாயிரம் பேரும், அத்தனை மிருகஜீவன்களும் இருக்கிற ஊருக்காக நான் பரிதபிக்க வேண்டாமா என்று கர்த்தர் கேட்கிறார். யோனாவின் பதில் எழுதப்படவில்லை. லூக்கா 15-ல் இயேசு சொன்ன கதையில் கெட்ட குமாரனின் அண்ணனும் இப்படித்தான். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய தம்பிக்கு அப்பா விருந்து வைக்க, இவன் கோபித்துக்கொண்டு வெளியே நிற்கிறான். அப்பா வெளியே வந்து கெஞ்சுகிறார். விருந்துக்கு உள்ளே போனானா இல்லையா என்று இயேசு சொல்லவே இல்லை.

எனக்கு எரிச்சல் தருவது, வாசித்து முடித்த மறுநிமிடமே வருகிற "இதில் நமக்கு என்ன பாடம்?" என்ற கேள்விதான். அது குழந்தைகளுக்கான கேள்வி. சொத்தையும் பிள்ளைகளையும் இழந்த யோபுவின் புத்தகத்தில், கடைசி அதிகாரத்தில் 7,000 ஆடு 14,000 ஆகிறது, 3,000 ஒட்டகம் 6,000 ஆகிறது. பிள்ளைகள் மட்டும் முன்போலவே பத்துப் பேர். "பார்த்தீர்களா, இழந்ததெல்லாம் திரும்பக் கிடைத்தது" என்று ஒருவர் சொன்னார். குழுவில் மகனைப் பறிகொடுத்த அக்கா ஒருவர் இருக்கிறார். "முதலில் செத்த பத்துப் பேர் திரும்பி வரலையே தம்பி" என்றார். அதற்குமேல் அங்கே பாடம் எடுக்க யாருக்கும் தைரியம் இல்லை. அன்றைக்குத்தான் நாங்கள் யோபுவை உண்மையிலேயே வாசித்தோம் என்பேன்.

இப்படித் தோண்டினால் விசுவாசம் தளர்ந்துவிடும் என்று சிலர் கவலைப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யோனாவின் கோபத்தையும் நோவாவின் குடிவெறியையும் மறைக்க வேதத்தை எழுதியவர்களே நினைக்கவில்லை. அவர்களைவிட நமக்கு ஏன் அதிகக் கூச்சம்?

அடுத்து நாங்கள் வாசிக்க வேண்டியது நியாயாதிபதிகள் 11, இஸ்ரவேலின் தலைவன் யெப்தாவின் மகள். அப்பன் கடவுளுக்குச் செய்த பொருத்தனைக்கு (நேர்ச்சைக்கு) உயிரைக் கொடுத்தவள், பெயர்கூடத் தரப்படாதவள். அதைத் தாண்டிப் போய்விடலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. நான் ஒத்துக்கொள்ளவில்லை.