பினாங்கு கையேட்டுல திருத்தம் சொன்னா குத்தமாம்

எங்க குழு மலேசியாவுல இருக்கற பினாங்குக்குப் போறதுக்காகத் தயார் பண்ணின சாப்பாட்டுக் கையேட்டுல இருக்கற தப்பையெல்லாம் குரூப்ல எழுதிப் போட்டேன், பதிலுக்கு ஒரு வாய்ஸ் நோட் வந்தது. அதைக் கேக்க வேண்டியவங்க எல்லாம் கேட்டாச்சு, அதனால பேர் ஊர் எதுவும் சொல்லப் போறதில்லை. "இலவசமா ஒரு கையேடு போட்டா அதுலயும் குத்தம் கண்டுபிடிக்கறாங்க." சரிங்க, இருக்கட்டும். ஆனா அந்தப் பினாங்கு சாப்பாட்டுக் கையேட்டை முதல் பக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் படிச்சவங்கற முறையில ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கறேன். எந்தத் தெரு, எந்த நேரம், உள்ள என்ன சேருது, எப்படிக் கேட்டு வாங்கறது. இந்த நாலும் இருந்தாத்தான் கையேடு. பக்கத்துக்குப் பக்கம் "நாவில் எச்சில் ஊறும்"னு போட்டுட்டு இந்த நாலையும் விட்டா அது வெறும் கல்யாணப் பத்திரிகை.

அசாம் லக்சாவை எடுத்துக்குங்க. "தேங்காய்ப்பால் மணக்கும் லக்சா"ன்னு போட்டிருக்கு. பினாங்கு அசாம் லக்சாவுல தேங்காய்ப்பால் ஒரு சொட்டு கிடையாது. அது நூடுல்ஸ் மேல ஊத்தற மீன் குழம்பு. கெம்போங்னு அவங்க சொல்ற மீனை, அதாவது நம்ம அயிலை வகையை, வேக வெச்சு உதிர்த்துப் போட்டுப் புளித்தண்ணியில கொதிக்க விடறது. கூடவே அசாம் கெப்பிங்னு ஒரு காஞ்ச புளித்துண்டு விழும், நம்ம குடம்புளிக்குச் சொந்தக்கார மரத்தோடது. மேல வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா, காட்டு இஞ்சிப்பூ. கடைசியா ஹே கோ, கறுப்பா கூழ் மாதிரி இருக்கற இறால் விழுது, ஒரு கரண்டி. இதுல தேங்காய்ப்பாலைத் தேடிப் போறவர் முதல் வாய்லயே மூஞ்சியைச் சுளிச்சு "கெட்டுப் போச்சு"ம்பார். கெட்டது லக்சா இல்லீங்க.

அடுத்தது ஹொக்கியன் மீ. படத்துல கறுப்பு சோயா சாஸ்ல வதக்கின தடி நூடுல்ஸ் இருக்கு. அது கோலாலம்பூர்க் கடைகள்ல கிடைக்கறது. பினாங்குல அதே பேர் சொல்லிக் கேட்டா சிவப்பா சூப்புதான் வரும். இறால் தலையும் ஓடும் பன்னி எலும்பும் சேத்து மணிக்கணக்கா கொதிக்க விட்ட சூப்பு. பன்னி எலும்புங்கற அந்த ஒரு வார்த்தை கையேட்டுல எங்கயுமே இல்லை. கறி மீங்கற தேங்காய்ப்பால் நூடுல்ஸ் குழம்புல ரத்தக்கட்டி மிதக்கும், பெரும்பாலும் அதுவும் பன்னியோடதுதான். சார் குவே தியாவை, அதாவது தட்டை அரிசி நூடுல்ஸ் வதக்கலை, நிறைய கடையில பன்னிக்கொழுப்புலதான் வதக்குவாங்க, சீன சாசேஜும் போடுவாங்க. முஸ்லிம் கடைகள்ல இது ரெண்டும் இருக்காது. "நோ போர்க் நோ லார்ட்"னு போர்டு மாட்டியிருந்தா அது ஹலால் சான்றிதழ் ஆயிடாது. எங்க குழுவுல வர்ற பாய் வீட்டுக்காரங்களுக்கு இதைச் சொல்லாம வேற எதைங்க சொல்லுவீங்க?

ஆறாம் பக்கம் சைவப் பக்கம். அதைப் படிச்சப்பதான் எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வந்தது. நாசி லெமாக்ங்கற தேங்காய்ப்பால் சோறு சைவமாம், கங்கோங் கீரைப் பொரியல் சைவமாம், ரோஜாக் "பழக் கலவை"யாம். நாசி லெமாக்கோட வர்ற சம்பால்ல, அந்த மிளகாய் விழுதுல, நெத்திலியும் பெலாச்சானும் இருக்கும். பெலாச்சான்னா புளிக்க வெச்ச இறால். கங்கோங்கைப் பெரும்பாலும் அதுலதான் தாளிக்கறாங்க. சீன ரோஜாக் மேல ஊத்தறது அதே ஹே கோ. எங்க பெரியம்மா மாதிரி முட்டை வாசனைக்கே எழுந்து போறவங்க இந்தப் பக்கத்தை நம்பிச் சாப்பிட்டு, ரூமுக்கு வந்தப்பறம் விஷயம் தெரிஞ்சா அந்தப் பயணத்துல மிச்ச நாளெல்லாம் பிஸ்கட்தான். சைவத்துக்கு அங்க வழி இல்லாமலும் இல்லை. லிட்டில் இந்தியாவுல, லெபோ பாசார், லெபோ பினாங்கு பக்கம் இலைச்சாப்பாடு, தோசை எல்லாம் கிடைக்கும். புத்து மாயம், நம்ம இடியாப்பம், தேங்காய்த் துருவலும் வெல்லச் சர்க்கரையும் வெச்சுத் தருவாங்க. செண்டோல் தாராளமா சாப்பிடலாம். லெபோ கெங் குவீ முனையில 1936ல இருந்து விக்கறாங்க, பாண்டான் இலைப் பச்சையில அரிசிமாவு இழை, தேங்காய்ப்பால், பனைவெல்லம், ராஜ்மா, ஐஸ் சீவல். சீன பௌத்த சைவக் கடையில வெங்காயம் பூண்டு கூட இருக்காது. மீன் மாதிரியே ஒரு துண்டு தட்டுல வந்தாலும் பயப்பட வேண்டாம், அது சோயா. ரொட்டி சானாய், நம்ம பரோட்டா மாதிரி, கேட்டா "டால் சாஜா", அதாவது பருப்பு மட்டும்னு அழுத்திச் சொல்லணும், இல்லாட்டி மீன் குழம்பையும் கலந்து ஊத்திருவாங்க. சில கடையில மாவுலயே முட்டை உண்டு, அதையும் கேட்டுக்கணும்.

சோத்து மேல குழம்பு ஊத்தித் தர்ற நாசி கண்டாருக்கு ஒரு முழுப்பக்கம் கொடுத்திருக்கறது சந்தோஷம், நம்ம தமிழ் முஸ்லிம்கள் கொண்டு போய் வளத்த சாப்பாடு அது. ஹமீதியா கடை 1907ல ஆரம்பிச்சதுன்னு சரியாப் போட்டிருக்காங்க, பாராட்டறேன். ஆனா அங்க போய் என்ன பண்றதுன்னு ஒரு வரி இல்லை. வரிசையில நின்னு சோறு வாங்கி, கண்ணாடிக்குப் பின்னால இருக்கறதைக் கைகாட்டணும். "பஞ்சிர்"னு சொன்னா நாலு குழம்பையும் சோத்து மேல வெள்ளமா ஊத்துவாங்க, ருசியே அதுலதான். டாகிங்னா பெரும்பாலும் மாட்டுக்கறி, கம்பிங் ஆட்டுக்கறி. மாட்டுக்கறி வேண்டாங்கறவங்க பஞ்சிர் கேக்கக் கூடாது, ஏன்னா எல்லாக் குழம்பும் ஒண்ணாத்தான் விழும். தட்டைப் பாத்துக் கடைசியிலதான் கணக்குப் போடுவாங்க. பெரிய இறாலும் மீன்முட்டையும்தான் பில்லை ஏத்தும், அதனால விலையை முதல்லயே கேக்கணும். வெட்கப்படாம தமிழ்லயே கேளுங்க, நிறைய கடையில தமிழ் செல்லும். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்துல பல முஸ்லிம் கடைங்க சாத்தியிருக்கும், கையேட்டுலயோ வெள்ளிக்கிழமை மதியத்துக்குத்தான் நாசி கண்டார் போட்டிருக்கு.

"கூகுள் மேப் இருக்கே"ம்பீங்க. இருக்கு. அப்ப கையேடு எதுக்கு?

"25 பேர் ஒரே டேபிள்ல, ஒரே பில்"னு இன்னொரு வரி. கொப்பித்தியாம்னு சொல்ற அங்கத்த காபிக்கடையில தண்ணி, காபி மட்டும்தான் கடைக்காரரோடது. ஒவ்வொரு அடுப்பும் தனி ஆளோடது. அவங்கவங்க கிட்டப் போய் டேபிள் நம்பர் சொல்லணும், தட்டு வந்ததும் ரொக்கமா கொடுக்கணும். உக்காந்தா ஒரு குடிக்கற ஐட்டமாவது வாங்கறது அங்க மரியாதை. சயாம் ரோடு சார் குவே தியாவுக்கு மொத்தப் பேரையும் கூட்டிட்டுப் போறது அதைவிட வேடிக்கை. சட்டியில ஒரே நேரத்துல நிறையப் போட்டா சூடு இறங்கித் தண்ணி விட்டுக் கொழகொழன்னு ஆயிரும், அதனாலதான் கொஞ்சம் கொஞ்சமா வதக்கறாங்க. தட்டுக்கு ரெண்டு நிமிஷம்னு வெச்சாலும் 25 தட்டுக்கு 50 நிமிஷம், முன்னாடி நிக்கற வரிசை தனி. நாலு நாலு பேரா பிரிச்சு அனுப்புங்க. ஊருக்கு வெளிய தள்ளி இருக்கற ஆயர் ஈத்தாமுக்கு "நடந்து போகலாம்"னு யாருங்க எழுதினது? பஸ் ஸ்டாண்டு இருக்கற கொம்தார்ல 204ஆம் நம்பர் பஸ் ஏறணும், ரொக்கமா கொடுக்கறதா இருந்தா சில்லறை சரியா வெச்சிருக்கணும்.

சர்க்கரை இருக்கறவங்களுக்கும் ஒரு வரி போட்டிருக்கலாம். டீயை அங்க "தே"ம்பாங்க, வெறும் "தே"ன்னு கேட்டா கன்டென்ஸ்டு மில்க் ஊத்தி வரும். பால் வேணும், இனிப்பு வேண்டாம்னா "தே சி கோசோங்". பாலும் வேண்டாம்னா "தே ஓ கோசோங்".

இவ்வளவையும் எழுதி அனுப்பினதுக்கு வந்த பதில் என்ன தெரியுங்களா? "கேரளாக்காரங்களுக்குத் தமிழ்ச் சாப்பாட்டைப் பத்தி என்ன தெரியும்?" இதை எழுதினவர் வாளையார் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுல, அரை மணி நேரத்துல இருக்கறவர். நாங்க பாலக்காட்டுத் தமிழருங்க. இங்க மலையாளிங்களுக்கு நாங்க பாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் வந்தா மலையாளத்தான். வீட்டுல பேசறது தமிழ், புள்ளைங்க படிக்கறது தமிழ், ஆனா ஒரு லக்சாவுல தேங்காய்ப்பால் இல்லைன்னு சொல்றதுக்குக் கூட ஆதார் அட்டையில முகவரி மாத்தணும் போல. போன வருஷம் ஒரு வீடியோவுல எங்க ராமசேரி இட்லியை "பாலக்காட்டு ஸ்பெஷல் ஊத்தப்பம்"னு போட்டாங்க. மண்பானை மேல துணி கட்டி ஆவியில வேக வெக்கற இட்லி அது. காஞ்சிபுரத்துல இருந்து வந்த முதலியார் குடும்பங்கள் பண்றது, பொடியில எண்ணெய் குழைச்சுத் தொட்டுச் சாப்பிடறது. அப்ப எங்களுக்கு எப்படி எரிஞ்சதோ அப்படித்தான் ஒரு பினாங்குக்காரர் இந்தக் கையேட்டைப் பாத்தா எரியும். 2016ல இருந்து உள்ளூர்ச் சாப்பாட்டு ஸ்டால்ல வெளிநாட்டுச் சமையல்காரர் சமைக்கக் கூடாதுன்னு சட்டம் போட்ட ஊருங்க அது. அந்தச் சட்டத்துல எனக்கு முழுச் சம்மதம் இல்லை, ஆனா அந்தப் பிடிவாதம் புரியுது.

"நல்லதைச் சொல்லுங்க, நெகட்டிவா பேசாதீங்க"ன்னு ஒரு அக்கா தனியா மெசேஜ் போட்டிருந்தாங்க. நல்லதும் சொல்லியிருக்கேன்க்கா, மேல ஹமீதியா கிட்டப் பாருங்க. அட்டைப்படமும் அழகாத்தான் இருக்கு.

என் திருத்தம் முழுசும் அதே குரூப்லதான் கிடக்கு. என் பேர் போட வேண்டாம், நன்றி சொல்ல வேண்டாம். போடற ஒவ்வொரு விலைக்குப் பக்கத்துலயும் எந்த மாசம் எந்த வருஷம்னு போடுங்க. ரம்ஜான், சீனப் புத்தாண்டு சமயத்துல எதெது சாத்தியிருக்கும்னு தங்கற ஹோட்டல்ல ஒரு போன் பண்ணிக் கேளுங்க. இதுக்கெல்லாம் நேரம் இல்லைன்னா, பிரஸ்ஸுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அந்த ஆறாம் பக்கத்தையாவது கிழிச்சுடுங்க.