அகற்றப்பட்டது என்றால் என்ன சாமி?

சபரிமலைப் பாதையில் குப்பை பொறுக்க வந்த குழு போட்ட அந்தப் படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், எனக்கே ஏழு பேர் அனுப்பினார்கள். அதில் இரண்டு பேர் "உங்க கேம்ப்தானே சாமி, சூப்பர்" என்று வேறு எழுதியிருந்தார்கள். ஆமாம், எங்கள் தாவளம்தான், நடந்து போகிற சாமிகள் சாப்பிட்டுத் தங்குகிற கொட்டகை. பின்னால் தெரிகிற நீலத் தார்ப்பாய் நான் கட்டியது. முன்னால் முப்பத்தைந்து பேர் பச்சை பனியனில் கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள், கீழே எழுத்து: "பெருவழிப் பாதையில் 22 மூட்டை குப்பை அகற்றப்பட்டது."

அகற்றப்பட்டது. இந்த ஒரு வார்த்தைதான் நான்கு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. எங்கிருந்து எங்கே அகற்றப்பட்டது? பாதை ஓரத்திலிருந்து எங்கள் கொட்டகையின் பின்பக்கத்துக்கு. நாற்பது அடி இருக்கும்.

வாட்ஸ்அப் குழுவில் இதைக் கேட்டதற்குத்தான் "சேவையில் குறை சொல்லக் கூடாது சாமி" என்று ஆரம்பித்து, ராத்திரி பத்து மணிக்கு என்னைக் குழுவிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். என்னை மட்டும் ஒழுங்காக அகற்றிவிட்டார்கள். சரி, அங்கே பேச முடியாததை இங்கே பேசுகிறேன். மண்டல பூஜை முடிந்து நடை சாத்தியிருக்கிற இந்த இரண்டு மூன்று நாள்தான் மதுரையில் இருப்பேன், அதற்குள் எழுதிவிட வேண்டும்.

பெருவழியில் நடந்து போகாதவர்களுக்காக ஒரு விஷயம். எருமேலியிலிருந்து பேரூர்த்தோடு, காளகட்டி, அழுதை, கல்லிடும் குன்று, இஞ்சிப்பாறைக் கோட்டை, முக்குழி, கரிவலந்தோடு, கரிமலை, பெரியானை வட்டம், சிறியானை வட்டம், பம்பை என்று போகிற பாதையில் அழுதையைத் தாண்டினால் காடுதான், பெரியார் புலிகள் காப்பகம். 1978-லிருந்து அது புலிக்காடு, அதற்கு முன்பும் பின்பும் யானைக்காடு. எங்கள் தாவளம் முக்குழிக்கும் கரிமலைக்கும் நடுவே இருக்கிறது. மூன்று ஊர்க் குழுக்கள் சேர்ந்து நடத்துகிறோம். வண்டி வராது. அரிசி மூட்டை தலைச்சுமையாகத்தான் வருகிறது, குப்பையும் தலைச்சுமையாகத்தான் போக வேண்டும். வனத்துறை அனுமதி கொடுக்கும்போது முதல் நிபந்தனையே அதுதான்.

இந்தப் பாதையில் இன்னொரு சங்கடம் உண்டு, நடந்து பார்த்தவர்களுக்குக்கூட இது தோன்றுவதில்லை. இது ஒருவழிப் பாதை மாதிரி. போகிற சாமிகள் யாரும் இதே வழியில் திரும்புவதில்லை, தரிசனம் முடித்துப் பம்பையில் பஸ் ஏறிவிடுவார்கள். அதனால் எங்கள் இடத்தில் சேருகிற குப்பைக்கு இரண்டே வழி. கரிமலையின் ஏழு தட்டையும் ஏற்றி இறக்கிப் பம்பைக்குக் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் சரண கோஷத்தோடு எதிரே வருகிற கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்து முக்குழிக்கு வந்து ஜீப்பில் ஏற்ற வேண்டும். தலையில் மூட்டையோடு எதிரே வருகிறவனைப் பார்த்து "சாமி, வழி தப்பிட்டீங்க" என்று பாவப்பட்டுச் சொல்கிறவர்கள் ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள்.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பொறுக்குவது வேலையில் கால்வாசி. சாக்கில் போட்டுக் கோணூசியால் வாயைத் தைப்பது இன்னொரு கால்வாசி. அந்தச் சாக்கைக் காட்டைவிட்டு வெளியே கொண்டுபோனால்தான் வேலை முடிந்தது. மூட்டை கட்டினதோடு வேலை முடிந்துவிட்டது என்று யார் சொன்னது?

"ஏதோ அவங்களால முடிஞ்சதைச் செஞ்சாங்க, அதுவும் செய்யாதவங்க எத்தனை பேர்?" இது அடுத்து வரும் என்று தெரியும். வந்தும்விட்டது. பதில் சொல்கிறேன். செய்யாமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபத்தில் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொல்கிறேன். ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குச் சிதறிக் கிடந்த சாம்பார் ஊறிய தட்டு, மிக்சர் பாக்கெட், நெய் பிசுக்கு ஒட்டிய உறை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்து, சாக்கில் அடைத்து, தண்ணீர்த் துறைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனால் அதற்குப் பெயர் என்ன? யானைக்குப் பந்தி. உப்பு வாசனைக்கு அது எங்கிருந்தாலும் வரும். வந்தது. சனிக்கிழமை இவர்கள் கிளம்பினார்கள், திங்கட்கிழமை ராத்திரி இரண்டு மணிக்குக் கொட்டகையின் பின்னால் சாக்கு கிழிகிற சத்தம். தீயைத் தூண்டிவிட்டு, தகரத்தைத் தட்டிக்கொண்டு, அறுபது எழுபது சாமிகளை ஒரு மூலையில் உட்காரவைத்து விடியும் வரைக்கும் காத்திருந்தோம். ஒரு மாளிகைப்புறம், மாலை போட்டு வந்த அம்மா, எழுபது வயதிருக்கும், என் கையைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

விடிந்து போய்ப் பார்த்தால் பதினொரு மூட்டை காலி. ஓடை முழுக்கப் பன்னீர் பாட்டில். மூங்கில் புதரில் ஷாம்பு உறை தோரணம் மாதிரித் தொங்குகிறது. இரண்டு நாள் கழித்துப் பாதையில் கிடந்த யானை லத்தியைக் குச்சியால் கிளறினேன். உள்ளே பால் பாக்கெட்டின் ஒரு மூலை, பச்சை எழுத்துகூட அழியவில்லை.

ஐந்து பேர் மூன்று நாள் பொறுக்கினோம். பனியில் நனைந்த குப்பை இரண்டு மடங்கு கனம், நாற்றம் தனி. அகற்றப்பட்டதாம்.

"வனத்துறை பார்க்கணும், தேவசம் போர்டு பார்க்கணும்." பார்க்கட்டும். நானா தடுத்தேன்.

"கூலி கொடுத்து ஆள் வைங்க, நாங்க பணம் தர்றோம்" என்று அந்தக் குழுவின் தலைவரே சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. பொறுக்குவது புண்ணியம், அதற்குப் பனியன் போட்டு நாம் வருவோம், சுமப்பது கூலி, அதற்கு மலையில் இருக்கிறவர்கள் வரட்டும், இதுதானே அதற்கு அர்த்தம்? போன வருஷம் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டபோது அந்தப் பக்கத்து ஆட்கள் நான்கு பேருக்குக் கூலி கொடுத்து ஒன்பது மூட்டை இறக்கினேன், அதை மறைக்கவில்லை. அதனால் கூலியே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. எது தப்பு என்று கேட்டால்... எனக்கே இன்னும் சரியாகச் சொல்ல வரவில்லை. புண்ணியத்தை மட்டும் நமக்கு எடுத்து வைத்துக்கொள்கிறோமே, அங்கேதான் எங்கேயோ உறுத்துகிறது.

சேவைக்கு எங்களிடம் பெயர் கொடுக்கிறவர்கள் பட்டியலை இந்த வருஷம் எடுத்துப் பார்த்தேன். பந்தி பரிமாற நாற்பத்தொரு பேர். சுக்குத் தண்ணீர் கொடுக்கப் பதினெட்டு பேர். காய் நறுக்க, அடுப்பு பார்க்க, முதலுதவிக்கு என்று எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. மூட்டை சுமக்க மூன்று பேர். ஒன்று நான், ஒன்று என் மச்சான், மூன்றாவது ஆள் வரவில்லை. கக்கூஸ் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட ஒருவரும் இல்லை, அந்த வரிசை காலியாகவே இருந்தது.

நான் மட்டும் யோக்கியன் இல்லை. முதல் வருஷம் தொண்டுக்குப் போனபோது எனக்கும் கரண்டி பிடிக்கத்தான் ஆசை. வரிசையாக உட்கார்ந்திருக்கிற சாமிகள், ஆவி பறக்கிற கஞ்சியும் பயறும், "போதும் சாமி, போதும் சாமி" என்கிற குரல், அதில் கிடைக்கிற சந்தோஷம் வேறு எதிலும் கிடைக்காது. எங்கள் குருசாமி என் கையில் கரண்டியைத் தரவில்லை, மண்வெட்டியைத் தந்தார். நான்கு நாள் குழி வெட்டினேன், ஐந்தாம் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தானே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு, மில்லில் லோடு ஏற்றி இறக்கி ஓய்வு பெற்றவர். நான் பின்னாலேயே ஓடினேன், வேறென்ன செய்வது.

அவர் இருந்தவரைக்கும் ஒரு வழக்கம் வைத்திருந்தார். சாப்பிட்டுக் கிளம்புகிற ஒவ்வொரு சாமியின் கையிலும் கால் கிலோ குப்பை உள்ள சின்னத் துணிப் பை ஒன்று. "தலையில் இருமுடி, கையில் இது, பம்பையில் தொட்டி இருக்கு, போட்டுட்டுப் போங்க சாமி." பத்துக் கிலோ மூட்டை ஒன்று நாற்பது பையாகிவிடும். முகம் சுளித்தவர்கள் உண்டு, நூறு அடி தள்ளிப் புதரில் வீசியவர்களும் உண்டு, ஆனால் பெரும்பாலும் போய்ச் சேர்ந்தது. 2011-ல் கேரளப் போலீஸ் புண்ணியம் பூங்காவனம் என்று ஆரம்பித்து, கொண்டுவந்ததைத் திரும்பக் கொண்டுபோங்கள் என்று சொன்னபோது "நம்ம திட்டத்தைத் திருடிட்டாங்கப்பா" என்று சிரித்தார்.

கொரோனாவில் பாதை மூடிக் கிடந்து 2021 டிசம்பர் கடைசியில் திறந்தபோது அவர் இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் இடுப்பு உயரத்துக்குப் புல். குப்பை ஒன்றும் இல்லாமல் அந்த இடத்தை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதற்கப்புறம் பை கொடுக்கிற பழக்கமும் நின்றுவிட்டது. தைக்க ஆளில்லை, கொடுக்கவும் யாருக்கும் வாய் வரவில்லை. அதில் என் தப்பும் இருக்கிறது.

"அன்னதானம் போடுறதே நீங்கதான், குப்பையும் உங்களாலதான்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். மற்ற எதையும்விட இதுதான் குத்தியது, ஏனென்றால் பாதி உண்மை. 2022 வரைக்கும் நாங்களும் பேப்பர் கப் என்று நம்பி உள்ளே பிளாஸ்டிக் பூசிய கப்தான் வாங்கினோம். இப்போது எவர்சில்வர் டம்ளர், கழுவுவதற்குத் தனியாக நான்கு பேர். தட்டு பாக்குமட்டை. ஆனால் பன்னீர் பாட்டிலும் கற்பூர டப்பாவும் குங்கும உறையும் எங்கள் அடுப்பிலிருந்து வந்தவை இல்லை தம்பி, இருமுடியிலிருந்து வந்தவை. 2024-ல் சபரிமலையின் தலைமைப் பூசாரியான தந்திரியே, கோயிலை நிர்வகிக்கிற தேவசம் போர்டுக்குக் கடிதம் எழுதினார், இருமுடியில் கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர் எல்லாம் வேண்டாம் என்று. நம் ஊர் பூஜைக் கடையில் இன்றைக்கும் அதையெல்லாம் சேர்த்துத்தான் செட்டாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். பம்பையில் துணியை விடாதே என்று கோர்ட்டே சொல்லியும் விட்டுவிட்டு வருகிறோமே, அந்த மாதிரிதான் இதுவும்.

அப்புறம் "போட்டோவில நீங்க இல்லைன்னு பொறாமை" என்று ஒன்று. இதற்கு நான் பதில் சொல்லவே கூடாது என்று நினைத்தேன். பதினாறு வருஷத்தில் அந்தத் தாவளத்தில் நான் இருக்கிற படம் ஒன்றே ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது, அதிலும் முதுகுதான் தெரியும், பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். பொறாமையாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். "ராத்திரி யானை வந்துச்சாமே, யாருக்கும் ஒண்ணும் ஆகலையே சாமி?" என்று அந்த முப்பத்தைந்து பேரில் ஒருவராவது ஒரு போன் செய்திருக்கலாம். அது கூட இல்லை. அவர்களின் பேனரைக்கூட அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள், எட்டடிக்கு நான்கடி பிளக்ஸ். 23-ஆவது மூட்டை என்று அதைக் கணக்கில் எழுதினேன். பிறகு மனசு கேட்காமல் பிரித்து அரிசி மூட்டை மேல் பனிக்குப் போட்டிருக்கிறோம், எழுத்து உள்பக்கமாக.

இன்னும் ஒன்பது மூட்டை இருக்கிறது. இந்த முறை மரத்தில் கயிறு போட்டு உயரத்தில் கட்டியிருக்கிறோம், மகரவிளக்குக் கூட்டம் வருவதற்குள் முக்குழிக்கு இறக்க வேண்டும். நடை திறக்கிற அன்றைக்கு முதல்நாள் ராத்திரி மாட்டுத்தாவணியிலிருந்து கிளம்புகிறேன். பெட்ஷீட் கிழித்து அம்மா நாற்பது பை தைத்துக் கொடுத்திருக்கிறார், அதையும் எடுத்துக்கொண்டு போகிறேன். யாராவது வருவதாக இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், சும்மாட்டுக்கு ஒரு துண்டும் பழைய செருப்பும் போதும். மச்சான் இந்த முறை வரமாட்டான், முட்டி வீங்கியிருக்கிறது.