எங்களை அளந்தது யார்?

பருமனான பெண்ணுக்குக் கிடைக்கும் இலவச அறிவுரைகளில் முதலிடம் ‘அடர்நிறம் உடுத்து’ என்பதற்குத்தான். கறுப்பு, நேவி புளூ, மேலிருந்து கீழே ஓடும் கோடு, முழங்கை தாண்டிய கை, போதாதென்று ஒரு துப்பட்டா. ஒல்லியாகத் தெரிவோமாம்! பெங்களூர் அல்சூரில் இருக்கும் என் அத்தை முதல் கமர்ஷியல் ஸ்ட்ரீட் கடைப்பெண் வரை எல்லோரும் ஒரே பாடத்தைத்தான் ஒப்பிக்கிறார்கள். வாடாமல்லி நிறத்தில் கையில்லாத ரவிக்கையும் கிளிப்பச்சைப் புடவையுமாகக் கல்யாண வீட்டுக்குள் நுழைகிறவள் அந்தப் பாடத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் வருகிறாள்.

“உனக்குத் தைரியம் அதிகம்” என்பார்கள். அதே ரவிக்கையை ஒல்லியான நாத்தனார் போட்டால் “அழகாக இருக்கிறது”. எனக்கு மட்டும் வீரப் பதக்கம்.

பெண்கள் தன்னம்பிக்கையை வளர்த்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுகிறவர்களைக் கண்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. முதலில் போட்டுக்கொள்ளத் துணி வேண்டாமா? இதே பெங்களூரில், பீன்யாவிலும் மைசூர் சாலையிலும் உள்ள ஆயத்த ஆடை ஆலைகளில் பெரும்பாலும் பெண்கள்தான் தைக்கிறார்கள். வெளிநாட்டுக்குப் போகும் பெரிய அளவுச் சட்டைகளும் அந்தக் கைகளில் உருவானவைதான். அவை கப்பல் ஏறிவிடும். நாம் கடையில் கேட்டால் “உங்கள் சைஸ் வராது மேடம்”. என்னிடம் இருக்கும் பகட்டான ஆரஞ்சு சட்டை, ஏற்றுமதியில் மிஞ்சிய துணிகளை விற்கும் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடை ஒன்றில் குவியலைக் கிளறி எடுத்தது.

நமக்கென்று ஓர் அளவு அட்டவணைகூட இல்லாமல், அமெரிக்க, பிரிட்டன் அளவுகளை ஒட்டித்தான் இத்தனை காலம் துணி வெட்டியிருக்கிறார்கள். அதனால்தான் தேசிய ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனமான நிஃப்ட் ‘இந்தியா சைஸ்’ ஆய்வைக் கையில் எடுத்தது. 6 நகரங்களில், 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேருக்கு மேல் முப்பரிமாணக் கருவியால் அளப்பது திட்டமாக இருந்தது. பெங்களூரு பட்டியலில் உண்டு. (சென்னை இல்லை.) ட்ரயல் ரூமில் ஜிப் ஏறாதபோது, அட்டவணையை விட்டுவிட்டு இடுப்பைத் திட்டிக்கொண்டு வெளியே வந்த பெண்கள் எத்தனை பேர்!

1973-இல் லாஸ் ஏஞ்சலஸில் பருமனான பெண்ணியவாதிகள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். எடை குறைப்பு வியாபாரத்தைத்தான் எதிரி என்றார்கள். மும்பையின் லக்மே ஃபேஷன் வீக்கில் பருமனான மாடல்கள் மேடையேற 2016 ஆக வேண்டியிருந்தது. மகிழ்ச்சிதான். மேடையில் நடந்தது கடை ஹேங்கருக்கு வர எத்தனை ஆண்டு ஆகுமோ!

“காசுள்ளவர்களின் பெண்ணியம்தானே இது?” என்று ஒரு தோழி கேட்டாள். டெய்லர் கூலியைப் பார்த்தால் பாதி உண்மை. ஆனால் கே.ஆர். மார்க்கெட்டில் பூ விற்கும் அக்காக்களைப் பாருங்கள். பெருத்த உடம்பில் எலுமிச்சை மஞ்சளும் மிளகாய்ச் சிவப்புமாகக் கட்டிக்கொண்டு, காலை அகட்டி உட்கார்ந்து விலை பேசுகிறார்கள். உடம்பை ஒளித்துக்கொள் என்பது நம் நடுத்தர வீடுகளும் அலுவலகங்களும் போட்ட சட்டம்.

சரி, தீபாவளி வருகிறது. ஜெயநகர், மல்லேஸ்வரம் பக்கம் கையில்லாத ரவிக்கையை நன்றாகத் தைக்கும் டெய்லர் யாரையாவது தெரிந்தால் கீழே எழுதுங்கள். அளவெடுக்கும்போது “வாக்கிங் போகிறீர்களா அக்கா?” என்று கேட்பவர் வேண்டாம்.